கடற்காற்று முந்தி வந்த நாள்

ஒஸெல்லா மங்கின் அன்று காலை பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. வெண்டல் கிராஸ்பியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு வேண்டாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். முப்பது வருஷமாகக் காடு எரிக்கிற மனுஷன், கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்களை நிறையப் பார்த்திருப்பார்.

அன்று எரிக்கப்போவது அவளுடைய காட்டைத்தான். எரிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அவள்தான்.

ஆல்டமஹா ஆற்றுக்குத் தெற்கே, கடலிலிருந்து பதினைந்து மைல் உள்ளே தள்ளி நூற்றிருபது ஏக்கர். அவளுக்கும் தம்பி லவானுக்கும் அப்பா விட்டுப்போனது. அந்தப் பக்கத்து நீள ஊசிப் பைன்காடு நெருப்போடு பழகிய காடு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தரையோடு தரையாகத் தீ ஓடினால்தான் மரத்தடியில் வெயில் இறங்கும், கம்பிப்புல் முளைக்கும், புல்லைத் தின்ன ஆமை வரும். அப்பா இருந்தவரை அது நடந்தது. அவர் போய்ப் பதினோரு வருஷம். தீயைக் காணாத அந்தப் பதினோரு வருஷத்தில் ரம்பப் பனைப் புதர் இடுப்பளவுக்கும் கால்பெரிச் செடி தோளளவுக்கும் எழும்பிவிட்டன. கால்பெரி இலை பச்சையாக இருக்கும்போதே எண்ணெய் ஊற்றினாற்போல எரியும். என்றைக்காவது கோடையில் ஒரு மின்னல் விழுந்து அது தானாகப் பற்றிக்கொண்டால் யாராலும் நிறுத்த முடியாது. எரிக்காமல் விடவும் பயம், எரிக்கவும் பயம் என்று அவள் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு கட்டு நீலக் கொடிகளை வாங்கிக்கொண்டு போய், காடு முழுக்க ஆமை வளைகளைத் தேடி ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கொடி குத்தினாள். நாற்பத்தொரு வளைகள். அவற்றில் பதினான்கில்தான் ஆமை இருந்தது. மற்றவற்றின் வாசலில் சிலந்தி கட்டியிருந்தது. இலைச்சருகு மூடிக் கிடந்தது. ஆமை இருந்த பதினான்கும் வடக்கோரத்து மணல்மேட்டில். மற்ற இடமெல்லாம் புதர் மூடிப் புல் செத்ததும் ஆமைகள் வீட்டைக் காலி செய்துகொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டன. ஒரு ஆமை முப்பது அடி நீளத்துக்கு வளை தோண்டினால் அதில் அது மட்டுமா இருக்கிறது? சலங்கைப் பாம்பு, கருநீலப் பாம்பு, தவளை, எலி, பூச்சிகள் என்று ஒரு ஊரே உள்ளே குடியிருக்கும். மேடும் மூடிவிட்டால் அந்த ஊர் எங்கே போகும் என்று யோசித்த அன்றைக்குத்தான் அவள் வெண்டலுக்கு முதன்முதலாகப் போன் செய்தாள்.

இன்னொரு தலைவலி டீக்கன் போலைட். எசேக்கியா போலைட், எழுபத்தொரு வயது, அவள் போகிற சர்ச்சில் போதகருக்குத் துணையாக நிற்கும் டீக்கன். அவளுடைய காட்டின் மேற்குப் பாதியில், கால்பெரிப் பூத் தேனுக்காக நான்கு தேன்பெட்டி வைத்திருந்தார். அப்பா காலத்துப் பழக்கம். போன வாரம் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"டீக்கன், வியாழக்கிழமை எரிக்கிறோம். பெட்டியை எடுத்துடுங்க."

"எரி எரி. கர்த்தர் உண்டாக்கின காட்டை எரிச்சுட்டு ஆமைக்கு வீடு கட்டப் போறியாக்கும்."

"எடுத்துடுவீங்கல்ல?"

"எடுக்கிறேன்னு சொன்னா எடுக்கிறேன். நான் என்ன உன் பஸ்ல வர்ற பையனா, ரெண்டு தடவை சொல்றதுக்கு?"

புதன்கிழமை மாலை போன் செய்து கேட்டபோதும், "எல்லாம் எடுத்தாச்சு" என்றார்.

அரை மணி நேரம் கழித்து ஒஸெல்லா பேருந்தைவிட்டு இறங்கினாள். பயம் போய் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இறங்கவே மாட்டோம் என்று தோன்றியதால் இறங்கினாள்.

ஒன்பதரை மணிக்குக் காட்டின் மேற்கோரத்து மண்சாலையில் எல்லோரும் கூடினார்கள். வெண்டல், தண்ணீர்த் தொட்டி வைத்த இரண்டு வண்டிகளுடன் அவருடைய ஆட்கள் நான்கு பேர், ஒஸெல்லா, லவான். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, தோல் கையுறை, தலைக்கவசம், ஆளுக்கொரு வாக்கி டாக்கி. லவான் நாற்பது வயசுக்காரன். டயர் கடையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அவனிடம் சின்ன நாலு சக்கர வண்டி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பின்னால் தண்ணீர்ப் பீப்பாய்.

"அக்கா, இந்தச் சட்டையில நீ அப்படியே ஸ்கூல் பஸ் மாதிரி இருக்க. நெத்தியில சிவப்பு லைட்டு ஒண்ணுதான் பாக்கி" என்றான் லவான்.

"நீ என்ன அழகு? தொப்பை பட்டனைப் பிச்சுக்கிட்டு நிக்குது."

அவன் சிரித்தான். ஆனால் அவன் கை சட்டைப் பொத்தானை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கும் பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வெண்டல் மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். "காத்து மேற்கேயிருந்து வருது. அதனால கிழக்கு ஓரத்துலேயிருந்து ஆரம்பிக்கிறோம். தீ காத்துக்கு எதிரா மெதுவா ஊர்ந்து வரட்டும். ஓரம் நல்லாக் கருகினதும், நூறு அடி மேற்கே தள்ளி ஒரு கோடு. அது எரிஞ்சு முடிஞ்சதும் இன்னொரு கோடு. அப்படியே மேற்கே வந்துக்கிட்டே இருப்போம். கடற்காத்து நாலு மணிக்குத்தான் திரும்பும்னு வானிலைத் தாள்ல போட்டிருக்கு. நாம மூணு மணிக்கு முடிச்சிருப்போம்." பிறகு எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. ஏதாவது தப்பாப் போனா எரியாத பக்கம் ஓடாதீங்க. எரிஞ்ச இடம்தான் பத்திரம். ஒரு தடவை எரிஞ்சது மறுபடி எரியாது."

ஒஸெல்லாவின் கையில் தீக்குவளையைக் கொடுத்தார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்து ஊற்றிய தகரக் குவளை, வளைந்த மூக்கு, மூக்கு நுனியில் எரியும் திரி. சாய்த்தால் நெருப்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். இரண்டு எரிப்புகளில் வெண்டல் கூடவே நடந்து பழகியிருக்கிறாள். இருந்தாலும் ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும், தன் காலிலேயே ஊற்றிக்கொள்வோம் என்ற எண்ணம் வந்துவிடும்.

முதல் மூன்று மணி நேரம் எல்லாம் சொன்னபடி நடந்தது. தீ முழங்கால் உயரத்தில் நிதானமாக ஊர்ந்தது. முயல்களும் எலிகளும் அதற்கு முன்னால் ஓடின. பெரிய கருநீலப் பாம்பு ஒன்று அவசரமே இல்லாமல் ஒரு வளைக்குள் இறங்கியது. வாலின் நுனி உள்ளே போகும்வரை ஒஸெல்லா நின்று பார்த்தாள். பன்னிரண்டரை மணிக்குக் காட்டின் கிழக்குப் பாதி கரிந்து கிடந்தது. பைன் மரங்களின் அடிப்பட்டை கறுத்திருந்தது, அவ்வளவுதான், உச்சி பச்சையாகவே இருந்தது. அவளுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அடுத்த கோடு போட அவள் நூறு அடி மேற்கே தள்ளி வந்தாள். அந்த இடம் தாழ்வான தரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கால்பெரியும் ரம்பப் பனையும். வெண்டலின் அனுமதிக்காக வாக்கி டாக்கியைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருந்தபோது, மேற்கே புதருக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

மான் வால் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அது நிமிர்ந்தது. தேனீ வலை போட்ட தொப்பி. வெள்ளை அங்கி. டீக்கன் போலைட், ஒரு இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் தேன்பெட்டியைக் கட்டி, அதைப் பனைமட்டைகளுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒஸெல்லா புதரை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள். பனைமட்டையின் ரம்பப் பல் கால்சட்டையைக் கிழித்தது.

"டீக்கன்! எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே!"

"ரெண்டு எடுத்துட்டேன்." அவர் நிமிரவே இல்லை. "ரெண்டு பாக்கி. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. புகை தேனீக்கு நல்லதுதான், சாந்தமா இருக்கும்."

"ஐயோ, இங்க நிக்கக் கூடாது. வாங்க என்கூட."

"வண்டியில ஒரு கை பிடிச்சீன்னா ரெண்டு நிமிஷத்துல போயிடலாம். சும்மா கத்திக்கிட்டே நிக்கிறியே!"

அப்போதுதான் அவளுடைய வலது கன்னத்தில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

காலையிலிருந்து காற்று மேற்கேயிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து. ஈரமான, உப்பு வாசனை உள்ள காற்று. அது ஒரு நொடி நின்றது. பைன் உச்சிகள் எல்லாம் அசையாமல் நின்றன. பிறகு கிழக்கேயிருந்து பலமாக வந்து மோதியது. அதுவரை கிழக்கே சாய்ந்து போன புகை முழுவதும் எழும்பி, மடங்கி, அவர்கள் தலைக்கு மேல் வந்து கவிழ்ந்தது. வெயில் செம்மஞ்சள் நிறமாக மாறியது. எரிந்து முடியும் நிலையிலிருந்த தீயின் ஓரம், கண்ணெதிரே தலையைத் திருப்பியது. முழங்கால் உயரத் தீ கால்பெரியைத் தொட்டதும் இடுப்பு, ஆள் உயரம், அதற்கும் மேல் என்று எழும்பியது. ரயில் பாலத்தின் மேல் போகிற மாதிரி ஒரு சத்தம்.

"எல்லாரும் கேளுங்க, காத்து திரும்பிடுச்சு!" வெண்டலின் குரல் வாக்கி டாக்கியில் வெடித்தது. "ஒஸெல்லா, எங்க இருக்க?"

"நடுவுல. தாழ்வுல. டீக்கன் போலைட் கூட இருக்கார்." தன் குரல் யாருடைய குரலோ போல அவளுக்கே கேட்டது.

"யாரு?"

"டீக்கன்! தேன்பெட்டிக்காரர்!"

"சாலைக்கு ஓடாதே. தீ முந்திடும்" என்றார் வெண்டல். 

அது அவளுக்கும் தெரிந்தது. சாலை மேற்கே ஆயிரம் அடிக்கு மேல். அந்தப் புதருக்குள் நடப்பதே கஷ்டம். ஓடினால் விழுந்துவிடுவார்கள். எரிந்த நிலம் கிழக்கே இருக்கிறது. ஆனால் இடையில் அந்தத் தீச்சுவர்.

"டீக்கன், வாங்க!"

"பெட்டி..."

"விடுங்க அதை!"

"என் கையை விடு நீ!" அவர் அவள் கையை உதறிவிட்டுத் தள்ளுவண்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். வண்டியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. முடிச்சு அவிழவில்லை. வெப்பம் வந்து சேர்ந்துவிட்டது. காது மடல் சுட்டது.

விட்டுவிட்டுப் போய்விடு.

யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி அந்த எண்ணம் அவ்வளவு தெளிவாக வந்தது. சொல்லியாகிவிட்டது, கேட்கவில்லை. உனக்கு என்ன பொறுப்பு? அவள் திரும்பினாள். நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு அடி. ஆறாவது அடியில் பின்னாலிருந்து அவர் இருமும் சத்தம் கேட்டது. சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவே இருமுகிற அதே இருமல். அவள் கால் நின்றுவிட்டது. எதற்காக நின்றது என்று பின்னாளில் எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து, அவருடைய அங்கியின் பின்கழுத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவர் மல்லாந்து விழப்போய்ச் சமாளித்தார். "அடியே!" என்றார். அதற்குள் நிமிர்ந்த கண்ணுக்கு முன்னால் தீயைப் பார்த்துவிட்டார்.

எங்கே போவது? கால்பெரி இல்லாத இடம். புதர் இல்லாத இடம். ஆமைகள் புதரைப் பிடிக்காமல் ஓடிப்போன இடம். அவள் மூளை வேறெதுவும் யோசிக்கவில்லை. நீலக் கொடிகளைத்தான் யோசித்தது. மணல்மேடு. வடக்கே இருநூறு அடி.

"மேட்டுக்கு! குனிஞ்சு வாங்க!"

வாக்கி டாக்கியில் கத்தினாள்: "லவான், வடக்கு மேட்டுக்கு வண்டியைக் கொண்டுவா! லவான்!"

"வர்றேன்க்கா! வந்துட்டேன்!"

இருநூறு அடியில் டீக்கன் இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை எழுந்தபோது ஒரு காலில் ஷூ இல்லை. ஒஸெல்லா ஒரு கையால் அவரை இழுத்தாள். மறு கையில் தீக்குவளை இன்னும் இருந்தது. அதைக் கீழே போடத் தோன்றவேயில்லை, விரல்கள் இறுகிப் போயிருந்தன. தரை மெல்ல ஏறியது. கால்பெரி குறைந்தது. பனைப் புதர் நின்றது. காலடியில் மணல். முழங்காலுக்குக் கீழே கம்பிப்புல், நடுநடுவே வெள்ளை மணல் திட்டு. முதல் நீலக் கொடி தெரிந்தது.

மேட்டின் மறுபக்கம் புகைக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. லவானின் வண்டி. முந்நூறு அடி இருக்கும். அவள் கையை உயர்த்தி ஆட்டினாள். விளக்குகள் நின்றன. ஒரு கணம் அங்கேயே நின்றன. பிறகு அவை வட்டமடித்துத் திரும்பின. சிவப்புப் பின்விளக்கு புகைக்குள் போய் மறைந்தது.

அவள் "லவான்" என்று கூப்பிட்டாள். வாக்கி டாக்கியில் அல்ல, வெறும் வாயால். யாருக்கும் கேட்டிருக்காது.

"ஒஸெல்லா." வெண்டலின் குரல். இந்த முறை மிக நிதானமாக. "மேட்டுல இருக்கியா?"

"இருக்கோம். தீ... கீழேயிருந்து ஏறி வருது."

"கையில தீக்குவளை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வை. உங்களுக்கு மேற்கே இருக்கிற புல்லுல வை. காத்து அதை உங்களைவிட்டுத் தள்ளிக்கிட்டுப் போயிடும். அது எரிஞ்ச இடத்துல போய் நில்லுங்க. பெரிய தீ வர்றப்ப அதுக்குத் தின்ன ஒண்ணும் இருக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் கை வரவில்லை. பின்னால் நெருப்பு ஏறி வரும்போது முன்னாலும் நெருப்பு வைப்பது. நடுவில் தான். திரி அணைந்திருந்தது. பையிலிருந்து லைட்டரை எடுத்தாள். அது கையிலிருந்து மணலில் விழுந்தது. குனிந்து தேடினாள். மணலோடு சேர்த்து அள்ளினாள். மூன்றாவது தடவைதான் பற்றியது.

குவளையைச் சாய்த்தபோது டீக்கன் அலறினார். "என்ன பண்ற? பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு? இருக்கிறது போதாதுன்னு நீ வேற வைக்கிறியா?"

"டீக்கன், வாயை மூடிக்கிட்டு அந்த வலையைக் கழட்டுங்க! நைலான். மூஞ்சியோட உருகி ஒட்டிக்கும்!"

டீக்கனிடம் அப்படிப் பேசியவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. அவர் மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

அவள் இருபது அடி நீளத்துக்கு நெருப்பைச் சொட்டிக்கொண்டே நடந்தாள். கம்பிப்புல் சடசடவென்று பிடித்தது. காற்று அதை அப்படியே வாரிக்கொண்டு மேற்கே ஓடியது. அரை நிமிஷத்தில் அவர்கள் முன்னால் புகையும் கறுப்புத் தரை. குவளையை ஓங்கி எறிந்துவிட்டு, டீக்கனை இழுத்துக்கொண்டு அதற்குள் ஓடினாள். ஷூவின் அடி இளகியது. ஷூ இல்லாத காலை அவர் தரையில் வைக்க முடியாமல் துள்ளினார். ஒரு ஆமை வளையின் வாசலில் தோண்டித் தள்ளிய மணல் குவியலாகக் கிடந்தது. அது சுடவில்லை. அவரை அதில் குப்புறத் தள்ளி, அவர் மேல் பாதியும் மணலில் பாதியுமாக அவள் கவிழ்ந்தாள்.

பெரிய தீ மேட்டுக்கு வந்தது.

அதற்கப்புறம் அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். முதுகின் மேல் அடுப்புக் கதவு திறந்த மாதிரி. தலைக்கவசத்தின் பிளாஸ்டிக் வாடை. மூச்சை இழுத்தால் தொண்டையைக் கத்தி அறுக்கிறது, இழுக்காமல் இருக்கவும் முடியவில்லை. வளைக்குள்ளேயிருந்து குளிர்ந்த மண்வாசனையோடு கொஞ்சம் காற்று வந்தது. முகத்தை அதன் வாசலில் புதைத்தாள். உள்ளே, மிகப் பக்கத்தில், சலங்கைப் பாம்பு ஒன்று உலர்ந்த விதைகளைக் குலுக்குவது போலச் சத்தம் போட்டது. அவள் முகத்தை எடுக்கவில்லை. பாம்பும் வெளியே வரவில்லை. இருவருக்கும் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

டீக்கன் முனகிக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்தாள். காதை அருகே கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, மனைவியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவள் கால் மணி நேரம் என்பாள். வெண்டல் இரண்டு நிமிஷம் என்றார். சத்தம் இரண்டாகப் பிரிந்து மேட்டின் இரு பக்கமும் போய், மேற்கே தேய்ந்தது. கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் கறுப்பு, அங்கங்கே புகைச்சல். உயரே பைன் உச்சிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"உயிரோட இருக்கியா?" என்றார் டீக்கன், மணலுக்குள்ளிருந்தே.

"இருக்கேன்."

"அப்ப என் மேலேருந்து எந்திரி. இடுப்பு உடையுது."

வெண்டலின் ஆட்கள் மண்சாலையில் தீயைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒரே ஒரு இடத்தில் பொறி தாண்டி எதிர்ப்புறத்துச் சோளத்தட்டையில் விழுந்தது. அதைப் பத்து நிமிஷத்தில் அணைத்தார்கள். தேன்பெட்டிகள் இரண்டும் மெழுகோடு சேர்ந்து எரிந்து போயின. டீக்கனுக்கு உள்ளங்காலும் இரண்டு காதும் வெந்திருந்தன. ஒஸெல்லாவுக்குப் புருவமும் இமையும் கருகிவிட்டன. மணிக்கட்டில் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே வளையல் போட்டாற்போல் ஒரு கொப்புளம். ஆம்புலன்ஸில் வந்தவன் அதற்கு மருந்து போட்டுக் கட்டினான்.

லவான் அங்கே இல்லை. வண்டியைச் சாலையில் விட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டீக்கன் போலைட் கட்டுப்போட்ட காதுகளோடு எழுந்து நின்றார். "நான் பொய் சொன்னேன். பெட்டி எடுத்தாச்சுன்னு சொன்னேன். இந்தப் பொண்ணு அதுக்காக என்னை விட்டுட்டுப் போகலை. ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள். ஒஸெல்லா தலை குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

லவானைப் பற்றியும் ஊர் பேசியது. வெண்டல் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாக்கி டாக்கியில் அவன் "வந்துட்டேன்" என்றது எல்லோருக்கும் கேட்டிருந்தது. அவன் போனை எடுக்கவில்லை. சர்ச்சுக்கும் வரவில்லை. டயர் கடையில் யாரோ அவனைப் பார்த்து, "சீக்கிரம் ஒரு டயர் மாத்தணும், ஓடிடாதேப்பா" என்றார்களாம்.

அவளுக்கு முதல் இரண்டு நாள் அவன் மேல் கோபம் எரிந்தது. கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு விளக்குகள்தான். மூன்றாம் நாள் விளக்குகளோடு கூடவே தன் ஆறு அடியும் வர ஆரம்பித்தது.

திங்கட்கிழமை பேருந்தை விட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய்."

அவன் தரையைப் பார்த்தான். "உன் கை தெரிஞ்சுதுக்கா. நீ கையை ஆட்டினது தெரிஞ்சுது. வழி அடைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம். ஆனா வழி இருந்துது. நான் பாத்தேன். வண்டி தானாத் திரும்பின மாதிரி திரும்பிடுச்சு. நான்தான் திருப்பினேன்."

"தெரியும்."

"திட்டவாவது செய்யேன்."

"லவான், நான் டீக்கனை விட்டுட்டுப் போனேன்."

அவன் நிமிர்ந்தான்.

"ஆறு அடி. எண்ணினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி முடிச்சு அவிழ்த்துக்கிட்டு இருந்தார், பாக்கலை. விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணித்தான் போனேன். அவர் இருமினார். இருமலைன்னா..." கருகிய இமைகளைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டார்கள். அந்தப் பெட்ரோல் வாடை வந்ததும் ஒஸெல்லாவின் உடம்பு தூக்கிப்போட்டது. லவான் அதைப் பார்த்தான்.

"ஆனா நீ திரும்பி வந்த" என்றான்.

"வந்தேன்."

"நான் வரலை."

அப்படி இல்லை என்று சொன்னால் பொய். பரவாயில்லை என்று சொல்லவும் அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவன் தோளில் கை வைத்தாள். எடுக்காமல் வைத்திருந்தாள்.

"சாயங்காலம் மேட்டுக்குப் போறேன். எத்தனை வளை திறந்திருக்குன்னு பாக்கணும்" என்றாள். "தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு. கூட வர்றியா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"தெரியும். அதான் கேக்கிறேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்து உள்ளே போனான். பூட்ஸைத் தேடும் சத்தம் கேட்டது.